சாலை போகாத சுரங்கம்

ஃபீனிக்ஸ் நகரத்தின் வடகிழக்குத் தொடுவானத்தில் நான்கு கூம்புகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஃபோர் பீக்ஸ் என்று பெயர். மெசாவிலிருந்தும் தெரியும், ஸ்காட்ஸ்டேலிலிருந்தும் தெரியும். விமானத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் இறங்கும்போது பார்த்திருப்பார்கள். அரிசோனாவில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த மலையோடு உள்ள உறவு, குளிர்காலத்தில் அதன்மேல் பனி விழுந்த மறுநாள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதோடு சரி. அந்தக் கூம்புகளின் மடியில் ஒரு அமெதிஸ்ட் சுரங்கம் இருக்கிறது, இன்னும் அதில் வேலை நடக்கிறது என்று சொன்னால், வருஷக்கணக்கில் அங்கே குடியிருப்பவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

நம்ப மறுப்பதற்குக் காரணமும் இருக்கிறது. சுரங்கம் என்றால் லாரி போக ஒரு சாலை, கல் அரைக்கும் இயந்திரம், மலையின் ஒரு பக்கத்தைச் சுரண்டி எடுத்த வெள்ளைத் தழும்பு, இதெல்லாம் கண்ணில் படவேண்டும். அரிசோனா செம்புச் சுரங்க நாடு. குளோப், மயாமி, மொரென்சி பக்கம் போனால் மலையையே படிக்கட்டாக்கி வைத்திருப்பார்கள். ஃபோர் பீக்ஸில் அப்படி எதுவும் தெரியாது. ஏனென்றால் அங்கே சாலையே இல்லை. நடந்து போகலாம், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர்.

செவ்வந்திக்கல் என்று நம் நகைக்கடைகளில் சொல்லும் இந்த ஊதாக் கல் உலகத்தில் ஒன்றும் அபூர்வமானது இல்லை. பிரேசிலிலும் உருகுவேயிலும் ஜாம்பியாவிலும் டன் கணக்கில் எடுக்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு மலை உச்சியில், தண்ணீரைக்கூட வானத்திலிருந்து இறக்கவேண்டிய இடத்தில், சுத்தியலும் உளியும் வைத்துக்கொண்டு ஏன் தோண்டுகிறார்கள் என்பதுதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. பதில் கொஞ்சம் பாறையில் இருக்கிறது. நிறைய, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் பாறை.

ஃபோர் பீக்ஸ், மசாட்ஸல் மலைத்தொடரின் தென்கோடி. நான்கில் வடக்கே நிற்கும் பிரவுன்ஸ் பீக்தான் உயரம், 7,657 அடி. ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடியில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் அந்த மலை ஏன் அவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்று புரியும். கூம்புகளாக நிற்பது குவார்ட்ஸைட். ஒரு காலத்தில் வெறும் மணல். கடலோரத்திலோ ஆற்றுப்படுகையிலோ படிந்து, மணற்கல்லாக இறுகி, பிறகு பூமிக்குள் புதைந்து சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடி வெந்து, மணலுக்கும் மணலுக்கும் இடையே கோடே இல்லாமல் ஒன்றாகிப்போன பாறை. சுத்தியலால் அடித்தால் மணல்மணியைச் சுற்றி உடையாது, மணியை வெட்டிக்கொண்டு உடையும். மழைக்கும் காற்றுக்கும் அது எளிதில் மசியாது. பக்கத்தில் இருந்தவை கரைந்து இறங்க, இது மட்டும் பல்வரிசையாக மேலே நின்றுவிட்டது.

இந்தப் பாறைகளின் வயதைச் சொல்ல நம் 'கோடி' வசதியாக இருக்கிறது. ஏறத்தாழ 165 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வட அமெரிக்கக் கண்டத்தின் தெற்கு விளிம்பில் புதிய நிலத்துண்டுகள் வந்து ஒட்டிக்கொண்டு மலைகள் எழுந்தன. அந்த நிகழ்ச்சிக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயரே இந்த மலையிலிருந்து வந்ததுதான்: மசாட்ஸல் மலையாக்கம். பாடப்புத்தகங்களில் பல்லாண்டுகளாக இருக்கும் பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், 2010களில் ஃபோர் பீக்ஸையே மறுபடி அளந்து, மணலுக்குள் இருக்கும் சிர்க்கான் என்ற நுண்படிகங்களின் வயதைப் பார்த்தபோது, இங்கே உள்ள படிவுகளில் ஒரு பகுதி அந்தக் காலத்துக்குப் பிறகுதான் படிந்திருக்கிறது என்று தெரிந்தது. அப்படியானால் அதை மடித்த அழுத்தமும் பின்னால் வந்ததாகத்தான் இருக்கவேண்டும், சுமார் 145 கோடி ஆண்டு அளவில். பெயர் கொடுத்த மலையே தன் பெயருக்குரிய சம்பவத்தில் முழுசாகக் கலந்துகொள்ளவில்லை போலிருக்கிறது. எனக்கு இந்த மாதிரிச் செய்திகள் பிடிக்கும். 145 கோடியா 165 கோடியா என்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு: நடுவில் உள்ள அந்த இருபது கோடி ஆண்டு, டைனோசர்கள் தொடங்கி இன்றுவரையுள்ள காலம் மொத்தத்துக்கும் கிட்டத்தட்டச் சமம்.

அதே 145 கோடி வாக்கில் கீழேயிருந்து கிரானைட் குழம்பாகப் பொங்கி வந்தது. பால் பொங்கும்போது ஆடை மேலே மிதக்கிற மாதிரி, பழைய குவார்ட்ஸைட்டும் அதனடியில் இருந்த களிப்பாறையும் கிரானைட்டின் தலைமேல் தங்கிவிட்டன. இன்று மலையைச் சுற்றி நான்கு பக்கமும் கிரானைட், உச்சியில் மட்டும் அந்தப் பழைய பாறையின் மிச்சம். படிப்படியாக மேலே இருந்தது எல்லாம் அரித்துப் போய், இந்தத் துண்டு தப்பியிருக்கிறது.

அமெதிஸ்ட் விளைந்தது அந்தக் குவார்ட்ஸைட்டுக்குள், பாறை உடைந்து நகர்ந்த ஒரு பிளவு வட்டாரத்தில். குவார்ட்ஸைட் வளையாது, நொறுங்கும். நொறுங்கிய துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். அதில் சூடான, சிலிக்கா கரைந்த நீர் ஏறி வந்து, ஆற ஆறச் சுவரில் குவார்ட்ஸ் படிகங்களை வளர்த்தது. அமெதிஸ்ட் என்பது ஊதா நிறக் குவார்ட்ஸ்தான். கூடவே இரும்பும் வந்தது. அதனால்தான் இங்கே பொந்துகளைத் திறந்தால் ஊதா முதலில் தெரியாது. ரத்தச் சிவப்பில் ஹேமடைட் என்ற இரும்புத் தாது, அதோடு குழைந்த களிமண். பல படிகங்கள் சுவரைவிட்டுக் கழன்று அந்தச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். கையில் எடுத்தால் முதலில் அழுக்குக் கல்தான். கழுவி, விளக்குக்கு முன்னால் பிடித்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

உள்ளே இருப்பதும் ஒரே சீராக இருக்காது. அடிப்பகுதி பெரும்பாலும் நிறமற்றது, அல்லது புகைபிடித்த மாதிரி மங்கல். நுனிக்குப் போகப் போக ஊதா வரும். அதுவும் பட்டை பட்டையாக, படிகத்தின் கூர்முகங்களுக்கு இணையாக, அம்புக்குறிகளை அடுக்கின மாதிரி. ஒரு வெள்ளைத் தாள் விரித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, படிகத்தை முழுக வைத்து மேலேயிருந்து பார்த்தால் இந்தப் பட்டைகள் அப்படியே துலங்கும். ஒவ்வொரு பட்டையும் அந்தச் சமயத்தில் வந்த நீரில் எவ்வளவு இரும்பு இருந்தது என்பதற்கான பதிவு. சில படிகங்களில் மூன்று கூர்முகங்களில் நிறம் அடர்ந்திருக்கும், அடுத்த மூன்றில் வெளிறியிருக்கும். ஆறு முகமும் நம் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தில் அவை இரண்டு வகை, ஒரு வகை இரும்பை அதிகம் ஏற்றுக்கொள்ளும்.

இரும்பு இருந்தால் மட்டும் ஊதா வந்துவிடாது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும். எங்கோ சில ஆயிரத்தில் ஒரு இடத்தில், அல்லது அதைவிட அரிதாக, சிலிக்கான் உட்காரவேண்டிய இருக்கையில் இரும்பு அணு வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த நிலையில் கல்லுக்குச் சொல்லும்படியான நிறம் இருக்காது. அதற்கப்புறம் கதிரியக்கம் வேண்டும். சுற்றியுள்ள பாறையிலும் களிமண்ணிலும் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம்-40. அதிலிருந்து வரும் காமா கதிர், இரும்பின் அக்கம்பக்கத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. அப்படித் தட்டப்பட்ட இரும்பு, வெளிச்சத்தில் பச்சை-மஞ்சள் பகுதியை விழுங்கிக்கொள்கிறது. விழுங்காமல் விட்டது நீலமும் சிவப்பும். இரண்டும் சேர்ந்து நம் கண்ணில் ஊதா.

பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு ஆகும். மெதுவாக, சொட்டுச் சொட்டாக அடிக்கும் கதிர்வீச்சு. அவசரமே இல்லாத வேலை. இன்று ஆய்வுக்கூடத்தில் கோபால்ட் மூலத்திலிருந்து காமா கதிரை அடித்து இதே வேலையைச் சீக்கிரமே முடித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஃபோர் பீக்ஸ் கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் சிவப்பைத்தான் முதலில் சொல்வார்கள். நல்ல கல்லைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஆழ்ந்த ஊதா. பழைய குண்டு பல்புக்குக் கீழே கொண்டுபோய் அசைத்தால் சில பட்டைகளில் ஒயின் சிவப்பு பளிச்சிடும். வியாபாரத்தில் இதைச் 'சைபீரிய நிறம்' என்பார்கள். ரஷ்யாவின் யூரல் மலையில், முர்ஸின்கா பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ஜார் காலத்தில் வந்த கற்கள் அப்படி இருந்ததால் வந்த பெயர். இப்போது எந்த நாட்டுக் கல்லாக இருந்தாலும் நிறம் ஒத்துவந்தால் கடைக்காரர் அதைச் சைபீரியன் என்றே சொல்லிவிடுவார்.

ஐரோப்பாவில் அமெதிஸ்ட் ஒரு காலத்தில் வைரம், மாணிக்கம், நீலம், மரகதம் ஆகியவற்றோடு ஒரே பந்தியில் உட்கார்ந்த கல். பிரிட்டன் அரசரின் செங்கோலிலும் உருண்டையிலும் அது இருப்பதைப் பார்க்கலாம். செங்கோலில் கல்லினன் வைரத்துக்கு மேலேயே ஒரு அமெதிஸ்ட்தான் உட்கார்ந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் தெற்கிலும் உருகுவேயிலும் எரிமலைக் குழம்புப் பாறைக்குள் ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய பொந்துகள், உள்சுவர் முழுக்க அமெதிஸ்ட் பதித்து, வரிசையாக அகப்பட்டன. ஜெர்மனியில் ஏற்கெனவே அகேட் அறுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஈடார்-ஓபர்ஸ்டைன் ஊர்க்காரர்கள் அங்கே குடியேறி, கப்பல் கப்பலாகக் கல்லை ஊருக்கு அனுப்பினார்கள். விலை படுத்துவிட்டது. அரசர்கள் அணிந்த கல் எல்லோருக்கும் கிடைத்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. சுரங்கக்காரர்களுக்கு மட்டும் அது தீராத தலைவலி. 1900 வாக்கில் ஃபோர் பீக்ஸில் அமெதிஸ்ட் கண்டுபிடிக்கப்பட்டபோது, அது ஏற்கெனவே விலை இழந்த கல்.

கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுபவர் ஜிம் மெக்டேனியல்ஸ். தேடிப் போனது தங்கத்தை. அந்தக் காலத்து அரிசோனாவில் மலையேறிய எல்லோரும் தேடியது அதைத்தான். தங்கம் கிடைக்கவில்லை, காலடியில் ஊதாப் படிகங்கள் கிடந்தன என்பது கதை.

இதற்கு முன்பே ஸ்பானியர்கள் இந்த இடத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள், ஸ்பெயின் அரச நகைகளில் ஃபோர் பீக்ஸ் கல் இருக்கிறது என்றொரு கதையும் கூடவே வரும். கல் விற்கிறவர்கள் அதை விடமாட்டார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்பானியர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது தெற்கே, டூபாக்கில் 1752-இல், டூசானில் 1775-இல். அரசரின் பெட்டியில் ஊதாக் கல் வந்து சேர இந்தக் கரட்டு மலை ஏறித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை.

ஸ்பானியர் கதையைச் சொல்கிறவர்கள், மலையில் உண்மையாகவே இருந்தவர்களைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். ஃபோர் பீக்ஸைச் சுற்றி வாழ்ந்தவர்கள் யவபாய் மக்கள், அவர்களில் கெவெவ்கபாயா பிரிவினர். 1872-இல் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் ஜார்ஜ் குரூக் அவர்களை வேட்டையாட ஆரம்பித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி, மலைக்குத் தெற்கே சால்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு குகை வாயிலில் ஒதுங்கியிருந்த குடும்பங்களை ராணுவம் சுற்றி வளைத்தது. குகையின் கூரையில் சுட்டு, தெறித்த குண்டுகள் உள்ளே இருந்தவர்கள்மேல் பாயும்படி செய்தார்கள். சுமார் 75 பேர் செத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. எலும்புகள் பல்லாண்டு அங்கேயே கிடந்ததால் அதற்கு ஸ்கெலிட்டன் கேவ் என்றே பெயர் வந்துவிட்டது. 1875 பிப்ரவரியில் மிஞ்சியவர்களைப் பனிக்காலத்தில் 180 மைல் நடக்கவைத்து சான் கார்லோஸுக்குத் துரத்தினார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்துத்தான் ஒவ்வொருவராகத் திரும்ப முடிந்தது. ஃபோர் பீக்ஸைப் பார்த்தபடி வெர்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஃபோர்ட் மெக்டவல் நிலம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது 1903-இல்.

அதே 1872-இல், மே 10-ஆம் தேதி, வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் கிராண்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். பொதுச் சுரங்கச் சட்டம். பொது நிலத்தில் கனிமம் கண்டுபிடித்தவர் அதன்மேல் உரிமை கோரலாம். கனிமம் நரம்பாக ஓடும் பாறையானால் ஒரு கோரிக்கைக்கு 1,500 அடி நீளம், 600 அடி அகலம், கணக்குப் பார்த்தால் 20 ஏக்கருக்குச் சற்று மேல். அங்கே உண்மையிலேயே லாபம் தரும் கனிமம் இருப்பதைக் காட்டி, ஓரளவு பணம் செலவழித்து வேலை செய்திருந்தால், ஏக்கருக்கு 5 டாலர் கட்டி நிலத்தையே பட்டா போட்டுக்கொள்ளலாம். இன்றுவரை அந்த 5 டாலர் சட்டத்தில் மாறவே இல்லை. ஆனால் 1994 முதல் புதிய பட்டா விண்ணப்பங்களுக்குப் பணம் ஒதுக்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வருஷா வருஷம் தடை போட்டு வருகிறது.

யாருடைய மலை என்று சட்டம் கேட்கவே இல்லை. பொது நிலம் என்று எழுதிவிட்டால் போதும். அந்தப் 'பொது' ஆக்கும் வேலையை அதே ஆண்டு டிசம்பரில் குரூக்கின் படை செய்து கொடுத்தது.

ஃபோர் பீக்ஸ் அமெதிஸ்ட் சுரங்கம் அப்படிப் பட்டா வாங்கிய நிலம். சுமார் 20 ஏக்கர். அதைச் சுற்றி இருப்பது 1905-இல் அமைக்கப்பட்ட டோன்டோ தேசிய வனம், 29 லட்சம் ஏக்கர் அளவுக்கு. அதற்குள்ளேயே 1984-இல் மலைப் பகுதியைத் தனியாகப் பிரித்து ஃபோர் பீக்ஸ் வனாந்தரம் என்று அறிவித்தார்கள். வனாந்தரம் என்றால் அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு இறுக்கமான பொருள்: மோட்டார் வண்டி கூடாது, சங்கிலி ரம்பம்கூடக் கூடாது, சைக்கிளும் கூடாது. ஆக, சுரங்கம் இருக்கும் 20 ஏக்கர் தனியார் சொத்து, அங்கே தோண்ட உரிமை இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கு வண்டிப் பாதை போட வழியில்லை. தீவு மாதிரி நிற்கிறது என்று சொல்வார்கள். கடல் நடுவில் இருக்கும் தீவுக்குப் படகாவது போகும்.

அதனால் மலைமேல் போகும் ஒவ்வொரு சாமானும், தண்ணீர் கேன் உட்பட, ஒருவர் முதுகில் ஏறவேண்டும் அல்லது ஹெலிகாப்டரில் தொங்கவேண்டும். வேலை செய்பவர்கள் அங்கேயே கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். கோடையில் வெயில், குளிரில் பனி. பெரும்பாலும் கைக்கருவிகள். இதில் இன்னொரு காரணமும் உண்டு: வெடி வைத்தால் குவார்ட்ஸைட் உடையும், கூடவே உள்ளே இருக்கும் படிகத்திலும் கீறல் ஓடும். கீறல் விழுந்த அமெதிஸ்டை யார் வாங்குவார்கள்? எடுத்ததை மலைமேலேயே தரம் பிரித்து, தேறுவதை மட்டும் கீழே அனுப்புகிறார்கள். ஹெலிகாப்டர் வாடகை கொடுத்து உதவாத கல்லை இறக்குவதில் அர்த்தமில்லையே. மொத்தத்தில் நகைக்கு ஆகும் தரம் சிறு பங்குதான்.

கணக்குப் போட்டால் இது கட்டுபடியாகும் தொழிலே இல்லை. அதே நிறத்தில் ஜாம்பியாக் கல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பல பத்தாண்டுகள் இந்தச் சுரங்கம் அவ்வப்போது திறப்பதும் மூடுவதுமாகக் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று அது ஓடுவதற்குக் காரணம், 'அரிசோனாவில் விளைந்த கல்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், உரிமையாளருக்கும் இதில் பைத்தியம் இருக்கிறது. பெரிய நிறுவனம் எதுவும் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனாலேயே மலை கெடாமல் இருக்கிறது என்பது என் எண்ணம். லாபம் நன்றாக வந்திருந்தால் 1984-க்கு முன்பே சாலை வந்திருக்கும்.

நடந்து போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல் ஓசோ மண்சாலை வழியாக லோன் பைன் என்ற இடம்வரை வண்டி போகும். சாதாரண காரை நம்பிப் போகாதீர்கள், கல்லும் பள்ளமுமான பாதை. ஓசோ என்றால் ஸ்பானிய மொழியில் கரடி, பெயருக்கேற்ப இந்த மலையில் கருங்கரடிகள் அதிகம். அங்கிருந்து பிரவுன்ஸ் பாதையில் ஏறிக் கணவாயை அடைந்தால், அமெதிஸ்ட் பாதை என்று ஒன்று கூம்புகளின் மேற்குச் சரிவை ஒட்டிப் பிரிந்து போகும். நான் போனபோது அதைப் பாதை என்று சொல்லவே மனம் வரவில்லை. முள்ளும் சரளையும் மூடி, கற்குவியல் அடையாளங்களைத் தேடித் தேடித்தான் நகர முடிந்தது. சுரங்க எல்லை வந்ததும் திரும்பிவிடவேண்டும். அதற்கு அப்பால் தனியார் நிலம், அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல். 'ஒரு கல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது' என்று பையில் போடுகிறவர்கள் உண்டு. அந்த மலையில் ஒரு கல்லை வெளியே எடுக்க எவ்வளவு பாடு என்று பார்த்தபிறகும் அப்படிச் செய்ய மனசு வந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

வழியெல்லாம் கருகிய மரங்கள். 1996-இல் யாரோ அணைக்காமல் விட்ட முகாம் தீயிலிருந்து தொடங்கிய லோன் தீ, 60,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அரிசோனா அதுவரை கண்டிராத பெரிய காட்டுத்தீ. உச்சியில் இருந்த பாண்டரோசா பைன்களில் பெரும்பகுதி அதில் போயிற்று. 2020 ஜூனில் 87-ஆம் நெடுஞ்சாலையோரம் தீப்பிடித்த ஒரு வண்டியிலிருந்து கிளம்பிய புஷ் தீ, 1,93,000 ஏக்கரைத் தாண்டியது. அடிவாரத்துச் சகுவாரோ கள்ளிகளும் அதில் தப்பவில்லை. சகுவாரோ ஒரு கை விடுவதற்கே ஐம்பது, எழுபது வருஷம் எடுத்துக்கொள்ளும். 145 கோடி ஆண்டுப் பாறைக்கு இதெல்லாம் தெரியாது. மேலே வளர்ந்ததெல்லாம் ஒரே வாரத்தில் சாம்பல்.

கடைசியாகக் கல்லை அறுக்கும் கதை. எனக்குப் பட்டை தீட்டும் பழக்கம் உண்டு, வாரக்கடைசி வேலை. ஃபவுண்டன் ஹில்ஸில் இந்தச் சுரங்கத்துக் கல் விற்கிறார்கள். அங்கே கட்டைவிரல் நுனியளவு கரட்டுத் துண்டு ஒன்று வாங்கினேன். மேலே துருச்சிவப்புத் தோல், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி நிறமில்லை, மறுபக்கம் நுனியில் மட்டும் ஊதா.

இப்படிப்பட்ட துண்டில் எங்கே வெட்டுவது என்பதுதான் முழு விளையாட்டும். நிறம் கல்லின் மேல்தட்டில் ஒரு ஓரமாக வந்தால், கறை பட்ட மாதிரி இருக்கும். அதே நிறத்தைக் கல்லின் அடிக்கூர் முனையில் கொண்டுபோய் வைத்தால், உள்ளே போகும் வெளிச்சம் அங்கே பட்டுத் திரும்பும்போது கல் முழுக்க அந்த ஊதாவை இழுத்துவந்து காட்டும். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பாதிக் கல் நிறமற்றது என்று தெரியும், நேரே பார்த்தால் தெரியவே தெரியாது. அடிப்பட்டைகளின் கோணமும் முக்கியம். குவார்ட்ஸுக்கு 40 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே வெட்டினால் வெளிச்சம் திரும்பாமல் அடிவழியே ஒழுகிவிடும், கல்லின் நடுவில் கீழே இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். அதனால் 42, 43 டிகிரி வைப்பேன். சாணையில் படிப்படியாக நுண்மையான வைரப்பொடிக்கு மாறி, கடைசியில் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகு. குவார்ட்ஸ் மெருகேறும்போது திடீரென்று ஒரு பட்டையில் கீறல்கள் விழுந்து, பழையபடி ஆரம்பத்துக்குப் போகவைக்கும். பொறுமை போதாதவர்களுக்கு இது வேலையில்லை.

முடித்த கல் வாங்கிய கரட்டுத் துண்டில் கால்வாசிகூடத் தேறவில்லை. அது வழக்கம்தான். குண்டு பல்புக்குக் கீழே அந்தச் சிவப்பு வருகிறது.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். 1970களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அமெதிஸ்ட் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. வேதியியலில் இயற்கைக் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இயற்கைக் கல்லில் பொதுவாக இருக்கும் நுட்பமான இரட்டைப் படிக அமைப்பைத் துருவமானி என்ற ஒளிக்கருவியில் பார்த்து ஓரளவு பிரிக்கலாம், முழு உத்தரவாதம் கிடையாது. அமெதிஸ்டுக்கு எந்தச் சுரங்கம் என்று எழுதிச் சான்றிதழ் தரும் வழக்கமும் இல்லை. ஆகவே ஃபோர் பீக்ஸ் கல் என்று ஒருவர் சொன்னால், அந்தச் சுரங்கத்தோடு நேரடித் தொடர்பு உள்ளவரா என்று மட்டும் பாருங்கள். விலை மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள், ஹெலிகாப்டர் வாடகை மலிவில்லை.

அப்புறம், ஜன்னலோரம் வெயிலில் அலங்காரத்துக்கு வைக்காதீர்கள். சில அமெதிஸ்டுகள் நாளடைவில் வெளிறும். 400, 500 டிகிரி சூட்டில் ஊதா அடியோடு போய் மஞ்சளாகிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பங்கு இப்படிச் சுட்ட அமெதிஸ்ட்தான். மோதிரத்தை அளவு மாற்றக் கொடுக்கும்போது, விளக்கு வைத்து ஊதிப் பற்றவைப்பதற்கு முன்னால் கல்லைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஆசாரி 'ஒன்றும் ஆகாது' என்பார். கழற்றின பிறகே நெருப்பைப் பற்றவைக்கவேண்டும் என்று பக்கத்திலேயே நில்லுங்கள்.